துணியில் ஓடிய ஆறு

புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர்களுக்கான பயிற்சியில், கடைசி நாள் மதியம், மாதிரி வகுப்பு எடுக்கச் செண்பகவல்லியைக் கூப்பிட்டார்கள். தேர்வில் தேறியும் வேலை உத்தரவு வர ஒன்பது வருடம் ஆகிவிட்டது. அத்தனை வருடமும் அவளுக்குச் சேலைக் கடையில் நின்றே கழிந்தது. இனிமேல் பாடம் நடத்த வருமா என்பதே அவளுக்குச் சந்தேகம். எதிரே இருந்தவர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிக்க வேண்டும். வழுக்கைத் தலை ஆசிரியர் ஒருவர் சுண்டுவிரலைத் தூக்கி, "மிஸ், ஒண்ணுக்கு!" என்றார். கூடமே சிரித்தது. மனப்பாடம் செய்து வந்த முதல் வரியே அவளுக்கு மறந்துபோனது.

"ஆரம்பிங்கம்மா," என்றார் பயிற்சியாளர்.

துணியில் அச்சடித்த நதிகளின் படம் மேசைமேல் சுருண்டு கிடந்தது. கை தானாக அதை எடுத்து ஒரே உதறில் விரித்தது. படம் மேசை நிறைய, ஒரு சுருக்கம் இல்லாமல் விழுந்தது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நீலக் கோட்டை உள்ளங்கையால் நீவிக்கொண்டே போனாள். கூடவே குரலும் வந்தது.

"பாருங்க, காவேரி குடகுல ஆரம்பிச்சு, இப்படியே இறங்கி வருது..."

கூடம் அடங்கிவிட்டது. கை கடலைத் தொட்டதும் நிமிர்ந்து, பழக்க தோஷத்தில் கேட்டாள்: "வேற எடுத்துக் காட்டட்டுமாக்கா?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. முகம் சுருங்க, படத்தை அவசரமாகச் சுருட்டப் போனாள்.

முதல் பெஞ்சில் இரண்டு கன்னங்களையும் கைகளில் தாங்கியிருந்த ஒருத்தி, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"காட்டுங்க டீச்சர்."