யாரோ பதில் சொல்கிறார்கள்

டாக்டர் பூனையின் வாயைத் திறந்து பார்த்தார். காதைப் பார்த்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். அத்தனை நேரமும் அது கத்திக்கொண்டே இருந்தது.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. வீட்ல இருந்தவங்க யாராவது இப்ப இல்லாம இருக்காங்களா?"

"இல்ல" என்றார் பூனையைக் கொண்டுவந்திருந்த லிஃப்ட் மெக்கானிக், அதைப் பார்த்தபடியே.

"அப்ப யாரோ இதுக்குப் பதில் பேசறீங்க. வளர்ந்த பூனைங்க மனுஷங்ககிட்டதான் இப்படிக் கத்தும் சார். பதில் கெடைச்சா விடவே விடாது. கண்டுக்காம இருங்க, தானா அடங்கிடும்."

பதில் பேசுவதாவது! அவர் மனைவி வாயைத் திறந்தே மாதக்கணக்கில் ஆகிறது. சோற்றைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எது கேட்டாலும் ஒரு தலையாட்டல்தான். அவரும் கேட்பதை விட்டுவிட்டார்.

மறுநாள் வேலைக்குப் போனவர், கரண்ட் பார்க்கும் மீட்டரை வீட்டிலேயே மறந்துவிட்டு மதியம் திரும்பி வந்தார். மாடிப்படி ஏறும்போதே பூனையின் சத்தம் காதைத் துளைத்தது. கீழ்வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவதில் தப்பே இல்லை.

பூட்டில் சாவியை நுழைக்கப் போனார்.

உள்ளே மனைவியின் குரல். கரகரத்துப் போயிருந்தது.

"நல்லா கத்து. நீயாச்சும் அவளைக் கூப்பிட்டு அழுடி. பெத்த அப்பன், பொண்ணைப் புதைச்ச மறுநாளே டூல்ஸ் பையைத் தூக்கிட்டுக் கெளம்பிட்டாரு. ஒரு சொட்டு கண்ணீர் விடல."

பூனை கத்தியது. அவள் 'ம்' கொட்டினாள். அது மறுபடியும் கத்தியது. மறுபடியும் 'ம்'.

சாவி பிடித்த கை தானாகக் கீழே இறங்கியது.

வீட்டில் உட்கார்ந்தால் உடைந்துவிடுவோம், நாமும் உடைந்தால் இவளை யார் தாங்குவது என்றுதான் அன்று அவர் வேலைக்குப் போனது. ஊரார் வீட்டு லிஃப்டுக்கு அடியில், இருட்டில், கிரீஸ் கையோடு சாயங்காலம் வரை சும்மாவே உட்கார்ந்திருந்தார். அதை அவளிடம் சொன்னதில்லை. சொல்லாமலே அவளுக்குப் புரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

கதவில் நெற்றியைச் சாய்த்தார். பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டுதான் நின்றார். ஆனாலும் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்துவிட்டது. மனுஷச் சத்தம் மாதிரியே இல்லை அது.

உள்ளே பூனை கத்துவதை நிறுத்தியது.

பிறகு யாரோ ஓடி வந்து கதவைத் திறந்தார்கள்.