பெட்ரோல் போன வழி

"ஞாயித்துக்கிழமை மட்டும்தான் ஸ்கூட்டரை எடுக்கறேன். ஃபுல் டேங்க் போட்ட பெட்ரோல் எங்கே போச்சு?" என்று கத்தினார் கெமிஸ்ட்.

"எல்லாம் நீங்க கலக்கற எத்தனாலாலதான்!" என்றாள் மனைவி.

அவருக்குச் சுருக்கென்றது. பெட்ரோலில் எத்தனால் கலக்கும் கிடங்கில், கலவையைச் சோதிப்பதுதான் அவர் வேலை.

"ஆக்டேன் ஏறத்தான் அதைச் சேர்க்கறோம். இஞ்சின் டக்டக்னு அடிக்காது. மைலேஜ் கொஞ்சம் குறையும்தான். அதுக்காக டேங்கே காலியாகுமா?"

"சாராயத்தைக் கலந்து ஊத்தினா வண்டி குடிச்சுக்கிட்டேதான்டா இருக்கும்" என்று அம்மா மருமகளுக்கு ஒத்து ஊதினாள்.

கல்யாணமான நாளிலிருந்து இருவரும் ஒரே கட்சியில் நின்றது அன்றுதான். அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

ஆனால் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுபடி டேங்கை நிரப்பி, அதிலிருந்து ஒரு பாட்டிலில் கொஞ்சம் பிடித்துக்கொண்டார். "லேப்ல டெஸ்ட் பண்ணி ரெண்டு பேர் வாயையும் அடைக்கறேன்!" என்று சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ் ஏறினார்.

ஊரெல்லாம் சுற்றி ஆளேற்றிய பஸ், ஒரு சிக்னலில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கத்தில் நின்றது அவருடைய ஸ்கூட்டர். பின்னால் மனைவி. முன்னால், தலையில் ஹெல்மெட்டோடு அம்மா.

"அத்தை, பச்சை விழுந்துடுச்சு. முறுக்குங்க!"

ஸ்கூட்டர் சீறிக்கொண்டு பறந்தது.

"யாரு சார் அந்தம்மா? இந்த வயசுல என்னமா ஓட்டறாங்க!" என்று வாயைப் பிளந்தார் பஸ் டிரைவர்.

கெமிஸ்ட் பாட்டிலை மெல்லப் பைக்குள் தள்ளினார்.

"எல்லாம் நாங்க கலக்கற எத்தனாலாலதான்!"