நாலுக்கு நாலு

"நான் குருஜி பேசறேன். வயசு அறுபத்திரண்டு. முப்பத்தஞ்சு வருஷமா ரேஸ் மைதானமே கதின்னு கிடக்கறேன். இன்னிக்கு நாலாவது ரேஸ், ஆயிரத்து இருநூறு மீட்டர், ஆறே குதிரை. ஒண்ணாம் நம்பர் கேட் திறந்தாலும் தூங்கும். மூணாம் நம்பருக்கு எடை ஜாஸ்தி. அஞ்சாம் நம்பர் ஸ்வீட் தண்டரை வியாழக்கிழமை காலையில ஓட விட்டுப் பார்த்தாங்க, காத்தா பறந்துச்சு. கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க."

மோட்டார் கொட்டகைக்குப் பின்னால், போனை வாயருகே பிடித்துக்கொண்டு இதைச் சொல்லி முடித்த எழிலுக்கு வயது இருபத்து நாலு. குதிரையைப் படத்தில் பார்த்ததோடு சரி. அவன் பேசப் பேச போன் எழுத்தாக்கியது. ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினான். காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை வறண்டிருந்தது.

பெங்களூரில் அவனுக்கு இதுதான் வேலை. வீட்டில் சொல்லியிருப்பது டேட்டா என்ட்ரி. நாளைக்கு அக்கா மகள் கீர்த்திக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். லீவு கேட்டு, காஞ்சிவரத்துக்குப் பக்கத்தில் மாகறலில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்தான். ஆனால் இன்று ஞாயிற்றுக்கிழமை, ரேஸ் நாளாயிற்றே, அங்கிருந்தே அனுப்பு என்று முதலாளி சொல்லிவிட்டார். அவர் போன் நம்பர்களை மட்டும் அனுப்புவார். அவை யாருடையவை என்று எழிலுக்குத் தெரியாது.

வீட்டு முன்பக்கம் ஒரு போன் 'டிங்' என்றது.

"வந்துட்ச்சி! குருஜி போட்டுட்டாரு!"

அக்கா புருஷன் ஜெகதீசன் லுங்கியை மடித்துக் கட்டியபடி பின்பக்கம் ஓடி வந்தார். எழில் தன் போனைச் சட்டைப்பைக்குள் திணித்தான்.

"மச்சான், உனுக்கு ரேஸு தெரியுமா?"

"தெரியாது மாமா."

"அப்ப கேட்டுக்கோ. பெரியவரு ஒருத்தரு வாரா வாரம் ஒரு குதிரை சொல்றாரு. நாலு வாரம், நாலுக்கு நாலு! ஒண்ணு மிஸ் ஆவலை. இன்னி வரைக்கும் நூறு, எரநூறுன்னு போட்டுக்கினு இருந்தேன். பயந்தாங்கொள்ளி மாதிரி."

"இன்னிக்கு?"

ஜெகதீசன் குரலைத் தாழ்த்தினார். "உங்கக்காகிட்ட மூச்சு வுடாத. வண்டிய வெக்கிறேன்."

"இன்னா மாமா சொல்றே?"

"நம்ம குட்டி யானையத்தான். காஞ்சிவரத்துல வட்டிக்கு வுடற அருள்தாஸுகிட்ட ஆர்சி புக்கைக் குட்த்தா அவரே பணத்த ரேஸுல கட்டிடுவாரு. ரெண்டரைக்கு ரேஸு."

செங்கல், நெல்மூட்டை, காய்கறி என்று அந்த வண்டி ஏற்றி இறக்குவதில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

"வாணாம் மாமா. பெங்களூர்ல ராத்திரி மழை. தரை ஈரமா கீதுன்னா அஞ்சாம் நம்பரு ஓடாது. ஜாக்கியும் புதுசு."

"ரேஸு தெரியாதுன்னே?"

எழில் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"போடா. அறுவத்திரண்டு வயசு மனுசனுக்குத் தெரியாதது உனுக்குத் தெரிஞ்சிடுச்சா? பொறாமைடா உனுக்கு. மாமன் முன்னுக்கு வந்துடுவானேன்னு."

வேறு வழியில்லை. எழில் தன் போனை நீட்டினான். அனுப்பிய செய்தி அதில் அப்படியே இருந்தது.

"அந்தக் குருஜி நான்தான் மாமா."

ஜெகதீசன் ரெண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எழுத்துக்கு எழுத்து ஒன்று. எழில் கண்ணை இறுக மூடி, கன்னத்தில் விழப்போகும் அறைக்காகக் காத்திருந்தான்.

விழவில்லை. ஜெகதீசன் அவனை அலாக்காகத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

"அட கள்ளா! வூட்லயே குருஜிய வெச்சிக்கினு நான் ஊரெல்லாம் தேடறேனா?"

"மாமா, நான் குதிரையையே நேர்ல பார்த்தது இல்ல!"

"பாக்காமயே நாலுக்கு நாலு அடிச்சிட்டியேடா! பாத்தா இன்னா ஆவும்!"

"எனுக்கு ஒண்ணும் தெரியாது மாமா, சத்தியமா!"

"எந்தக் குருஜி தெரியும்னு சொல்லிக்கிறான்? இரு. வண்டி மட்டும் பத்தாது. நீ கீர்த்திக்குச் சீரா கொணாந்த கம்மலையும் சேத்துக்கறேன். சாயங்காலம் வைரத்துல வாங்கி நாளைக்கு மாட்டிடலாம் குட்டிக்கு."

ஜெகதீசன் உள்ளே போய்க் கம்மல் பெட்டியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு நடந்தார். எழில் பின்னாலேயே ஓடினான். சொல்ல வேண்டிய மீதி நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள், மாவு அப்பிய கையோடு அக்கா சாந்தினி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"இன்னாடா, ரெண்டு பேரும் கொலாவிக்கினு கீறீங்க? இவுரு எங்க போறாரு?"

"உன் தம்பி தங்கம் சாந்தினி, தங்கம்!" என்று ஜெகதீசன் வண்டியைக் கிளப்பினார்.

தம்பியைப் பார்த்து அக்கா பெருமையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு எதிரில் நிற்க முடியாமல் எழில் மறுபடி கொட்டகைக்குப் பின்னால் போனான். மாமாவுக்கு ஏழு தடவை அடித்தான். வண்டி ஓட்டும்போது அவர் போனைத் தொடமாட்டார்.

அம்மா, சித்தப்பா, சம்பந்தி வீடு என்று முப்பத்தொரு பேர் இருக்கும் குடும்ப குரூப்பைத் திறந்தான். எழுத்து எழுத்தாகத் தட்ட நேரமில்லை. மைக்கை அமுக்கினான்.

"மாமா நீல வண்டியில காஞ்சிவரம் போய்க்கினு கீறாரு. வண்டியையும் கீர்த்தி கம்மலையும் குதிரை மேல கட்டப் போறாரு. நான்தான் காரணம். அந்த ரேஸ்ல ஆறு குதிரை ஓடுது. போன் நம்பருங்களை ஆறு லிஸ்ட்டா பிரிச்சு, லிஸ்ட்டுக்கு ஒரு குதிரைன்னு ஆறு குதிரையும் ஜெயிக்கும்னு காலையிலேர்ந்து நானே அனுப்பினேன். வாரா வாரம் இதான் என் வேலை. தோத்த லிஸ்ட்டுக்காரங்களை அன்னிக்கே அழிச்சிடுவோம், நாலு வாரமா அழியாம மிஞ்சினவங்கள்ல ஒருத்தரு மாமா, அவ்ளோதான். இதைப் படிக்கறவங்க யாரா இருந்தாலும், என்னை அப்புறம் திட்டிக்கலாம், காஞ்சிவரம் போற வழியில ஓரிக்கைகிட்ட ஓடிப்போயி அந்த வண்டிய நிறுத்துங்க."