பதினோரு நாள் பழைய பட்டியல்

பட்டியலின் உச்சியில் மறுபடியும் அவன் பெயர்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மீண்டும் பார்த்தான். பொய் இல்லை. சர்வரின் தலைமை நிர்வாகி: அவன். கீழே, சாதாரணப் பயனர்களின் கூட்டத்தில் ஒருத்தியாக, மணிமொழி.

காலையில் மருத்துவமனையின் சர்வர் நின்றுபோனது. புது இயந்திரத்தில், கையிலிருந்த கடைசி பேக்கப் நகலை ஏற்றியிருந்தான். நோயாளிகளின் பதிவுகள் தனி வட்டில் பத்திரம். அமைப்புகள் மட்டுமே பதினோரு நாள் பழையவை.

சுற்றறிக்கை வந்து பத்து நாள்.

பத்தொன்பது ஆண்டு உழைப்பு. ஒரே ஒரு தாள். நான்கே ஆண்டு பணிசெய்த ஒருத்தி தலைமைக்கு வந்தாள். அவன் அவளுக்குக் கீழே போனான்.

அன்று எல்லோரும் கைதட்டினார்கள். அவனும் தட்டினான். எல்லோரையும்விட உரக்க.

இன்று அவள் விடுப்பு. செய்தி கேட்டு பஸ் ஏறிவிட்டாளாம்.

வருவதற்குள் முடிக்க வேண்டும்.

ஐ.பி. முகவரியைத் திருத்தினான். வெளி இணைப்புக்கான கேட்வேயைக் கொடுத்தான். கடிகாரத்தை இன்றைய தேதிக்கு இழுத்துவந்தான். வெளியே சீட்டு பதியும் கவுன்ட்டர்கள் ஒவ்வொன்றாக விழித்தன. வரிசை நகரும் ஓசை கதவைத் தாண்டிக் கேட்டது.

மிச்சம் ஒன்றுதான். அவள் பெயரை மேலே ஏற்ற வேண்டும். இரண்டு சொடுக்கு.

ஏற்றவில்லை.

இயந்திரமே சொல்லிவிட்டது, மறுக்க நான் யார்? தனக்குத் தானே வாதாடினான். தனக்குத் தானே தீர்ப்பும் எழுதினான்.

போன் அடித்தது. லேபிலிருந்து ஜஸ்டின்.

"சார், ஊருக்கெல்லாம் வந்துருச்சு, எங்களுக்கு மட்டும் வரலையே. லேப் என்ன வேற நாடா?"

லேபின் ஐ.பி. முகவரியைத் தட்டினான். பதில் இல்லை.

மறுபடி. இல்லை.

போன வாரம்தான் அவள் லேபை வேறு முகவரிக்கு மாற்றினாள். எந்த எண்ணுக்கு மாற்றினாள் என்று அவன் கேட்கவில்லை. அவளிடம் கேட்பதா?

ரத்தப் பரிசோதனை முடிவுக்காக மூன்று வார்டுகள் காத்திருந்தன.

கதவு திறந்தது. மணிமொழி, தோள்பையைக்கூட இறக்காமல், அவன் பின்னால் வந்து குனிந்தாள்.

திரையில் பட்டியல் திறந்தபடியே இருந்தது. மூடப் போன அவன் கை பாதியில் நின்றது.

அவள் படித்தாள். மேலே இருந்ததை. கீழே இருந்ததை.

"நான் சொல்றேன், நீங்க அடிங்க சார்."

எந்தத் தாளையும் பார்க்காமல் எண்களைச் சொன்னாள். தலைமை நிர்வாகியின் விரல்கள் ஒவ்வோர் எண்ணுக்கும் அவள் வாயைப் பார்த்துக் காத்திருந்தன.

கடைசி எண் விழுந்த சற்று நேரத்தில் மீண்டும் போன்.

"வந்துருச்சு சார், வந்துருச்சு!" ஜஸ்டின் கத்தினான். பிறகு, சிரித்தபடி: "மணிமொழி மேடம் வந்துட்டாங்களா?"

அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அறையில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி.

"ஆமா," என்றான், எழுந்துகொண்டே.