முன்வரிசைக் குழாய்கள்

முன்வரிசையில் இருந்த ஆறு சோதனைக் குழாய்களும் பளிச்சென்று மஞ்சளாகின.

"பாத்தியா? வயித்துக்கே தண்ணி காட்டிடுச்சு நம்ம மாவு!" என்று என் கணவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

மாவு அவருடையது. பயற்றிலிருந்து அவர் பிரித்தெடுத்த புரதத் துணுக்குகள். உடம்பின் செல்களைத் துருப்பிடிக்காமல் காக்கும் சக்தி அவற்றுக்கு உண்டு என்பார். ஊதாச் சாயத்தை ஊற்றினால் அது மஞ்சளாகும், அதுதான் சாட்சி.

ஆனால் வயிற்று அமிலமும் குடல் நீரும் அவற்றைத் துண்டாடிய பிறகும் அந்தச் சக்தி மிஞ்சுமா?

அதைச் சொல்ல வேண்டியவள் நான். கண்ணாடிக் குழாய்க்குள் வயிற்றை வைத்துக்கொண்டு மாரடிப்பவள். நான் கையெழுத்துப் போட்டால் மாவு கடைக்குப் போகும். இத்தனை வருஷமாக அவர் சோறு தண்ணி பார்க்காமல் உழைத்த மாவு. மஞ்சளைப் பார்த்ததும் எனக்கும் கண் கலங்கிவிட்டது.

பின்வரிசை ஊதாவாகவே இருந்தது. அமிலமும் நொதியும் அதிலும் உண்டு. மாவுக்குப் பதில் வெறும் தண்ணீர். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைப்பது.

முன்வரிசையில் ஒன்றை எடுத்து உயர்த்திப் பார்த்தேன்.

அடியில் சிவப்புப் பொட்டு.

வெந்நீர்த் தொட்டியில் மார்க்கர் எழுத்து அழிந்துபோகும். அதனால் தண்ணீர்க் குழாய்களுக்கு மட்டும் அடியில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைப்பேன். அவருக்கு இது தெரியாது. என் வேலையை அவர் அவ்வளவு கிட்டத்தில் வந்து பார்த்ததில்லை.

மற்ற ஐந்தையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பொட்டு.

காலையில் தொட்டியைக் கழுவியபோது ஸ்டாண்டை முன்பின்னாகத் திருப்பி வைத்திருக்கிறேன்.

அப்படியென்றால் பின்னால் ஊதாவாக நிற்பதுதான் மாவு. அதன் சக்தியெல்லாம் செரிமானத்திலேயே போய்விட்டது.

தண்ணீர் தானாக மஞ்சளாகாது. ஒரு சிட்டிகை வைட்டமின் சி போட்டால் ஆகும். மதியம் நான் சாப்பிடப் போயிருந்தபோது இந்த அறையில் இருந்தவர் ஒரே ஒருவர்தான்.

மாவு தோற்றிருந்தால் கூடவே உட்கார்ந்து அழுதிருப்பேனே. என்னை ஏமாற்ற எப்படி மனசு வந்தது?

அவர் பேனாவை நீட்டினார்.

"இது தண்ணிங்க" என்றேன்.

அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

மேசை ஓரத்தில் என் டிபன் பாக்ஸ் இருந்தது. கல்யாணமாகி முதன்முறையாக இன்று அவரே சமைத்துக் கட்டிக் கொடுத்தது. மதியம், ஆறுவதற்குள் போய்ச் சாப்பிடு, குழாய்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பி வைத்திருந்தார்.

சாப்பாட்டு அறையில் எல்லோரிடமும் அதைக் காட்டிக் காட்டி, ஒரு பருக்கைகூட விடாமல் வழித்துச் சாப்பிட்டிருந்தேன்.