ஆறு மணி ஆனை

“ஏம்மா, ரெண்டு நாளா ஆனை வரலையே, என்னாச்சு?”

இந்து ஹெட்செட்டைச் சரிசெய்துகொண்டாள். மீனாட்சிபுரத்துக்காரி. பாலக்காட்டில் அவள் வேலை பார்க்கும் சின்ன கம்பெனி, காட்டு யானை நடமாட்டத்தை மொபைலில் எச்சரிக்கும் ஆப் ஒன்றை நடத்துகிறது. உதவி எண்ணுக்கு வரும் அழைப்பை, கை ஓய்வாக இருப்பவர் எடுக்க வேண்டும். யானை வந்துவிட்டது என்று பதறுகிறவர்கள் உண்டு. வரவில்லை என்று குறைப்பட்டவர் இவர்தான் முதல்.

“வராம இருந்தா நல்லதுதானுங்களே. எங்கிருந்துங்க பேசறீங்க?”

“சின்னக்கானல். ராமலட்சுமி. எஸ்டேட்டுல கொழுந்து கிள்ளுதேன். கேக்குதா? இரு, முத்தத்துக்கு வாரேன். லயத்து வீட்டுக்குள்ள மெசேஜு மட்டுந்தான் வரும், பேச்சு கேக்காது. இப்ப கேக்குதா?”

“கேக்குதுங்க.”

“தெனம் சாயங்காலம் ஆறு மணிக்கு டாண்ணு வரும். எங்க கடியாரங்கூடத் தப்பும், ஆனை தப்பாது.”

ஆறு மணி என்றதும் இந்து கணினிப் பக்கம் திரும்பினாள். நம்பரைத் தட்டிப் பார்த்தாள். அவள் சோதனைக்குப் போட்டிருந்த அதே நம்பர்தான்.

ஆப் ஒழுங்காக ஓடுகிறதா என்று தினமும் சோதிக்க அவள் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தாள். ஆள் கை படாமலே அது ஆப்பைத் திறக்கும், பட்டன்களை அழுத்தும், இல்லாத யானை ஒன்றைக் கிளப்பிவிடும், எச்சரிக்கை போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கும். அதற்கு ஒரு கணக்கு வேண்டுமே என்று, முன்பு சின்னக்கானலில் வெள்ளோட்டம் பார்த்தபோது பதிந்ததை எடுத்துப் போட்டிருந்தாள். யாரும் பயன்படுத்தாத கணக்கு என்று நினைப்பு. முந்தாநாள்தான் சந்தேகம் வந்து அதை நீக்கினாள்.

“அம்மா, மன்னிச்சுக்கோங்க. அது நெசமான ஆனை இல்லீங்க. ஆப்பு சரியா இருக்குதான்னு பாக்க மெஷின் அனுப்பற பொய் ஆனை. உங்க நம்பர அதுல போட்டது என்னோட தப்புதானுங்க.”

திட்டு விழும் என்று காத்திருந்தாள்.

“அது சரி. அதையே அனுப்பு.”

“ஏனுங்க?”

“மெசேஜு எனக்கு மட்டுமா வருது? மறையூர்ல இருக்க எம்மவன் சோலைக்கும் போகுதுல்லா.”

ஆப்பில் பதியும்போது அவசரத்துக்கு இன்னொரு நம்பரும் கேட்பார்கள். எச்சரிக்கை இரண்டுக்கும் போகும்.

“ஆப்பு போட்டுக் குடுத்து நம்பர் கேட்ட புள்ளைங்ககிட்ட வேற எதச் சொல்ல? எனக்கு மனப்பாடம் அது ஒண்ணுதான். எங்க வீட்டுக்காரர் போன பொறவு, எஸ்டேட் வேலைக்கு வாடான்னேன். எனக்குப் பின்னால யாராச்சும் வேலைக்கு நின்னாத்தானே லயத்துல இருக்க விடுவாக? மாட்டேன்னு மறையூர் கரும்பாலைக்குப் போயிட்டான். இனிமே இந்த வாசல்ல கால் வைக்காதன்னுட்டேன். ரோசக்காரப் பய, வைக்கவே இல்ல. கல்யாணம், புள்ள எல்லாம் அடுத்தவுக சொல்லித்தான் தெரியும். ஆனை வந்தப்பறந்தான் போன் அடிச்சான்.”

“என்ன பேசுவாருங்க?”

“கதவச் சாத்துனியா, அரிசிய உள்ள எடுத்து வச்சியாம்பான். ஆச்சும்பேன். வச்சுருவான். இப்பல்லாம் ஒடனே வைக்கதில்ல. அன்னைக்கு பேத்தி பக்கத்துல நின்னு இருமுனா. கசாயம் வச்சுக் குடுன்னேன். இருமல் நின்னுச்சான்னு கேக்கதுக்குள்ள, நீ ஆனைய நிப்பாட்டிட்ட.”

இந்து திரையைப் பார்த்தாள். நீக்கிய ஒரு வரியைத் திரும்பச் சேர்த்தால் போதும். ஆறு மணிக்கு யானை வந்துவிடும்.

“முடியாதுங்கம்மா. பொய்க்குப் பழகிட்டா, நெசமா வர்ற அன்னைக்கு அசட்டையா இருந்துருவீங்க. நீங்களே ஒருக்கா அவரக் கூப்புடுங்களே.”

“கால் வைக்காதன்னவளே கூப்புடவா? நல்லாருக்கே. போம்மா.”

வைத்துவிட்டார்.

சோலையிடமும் உண்மையைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் அவன் இனி அம்மாவை அழைக்கக் காரணமே இருக்காது. இந்து இரண்டு முறை டீ குடித்தாள். பிறகு நம்பரைப் போட்டாள். அந்தப் பக்கம் கரும்பாலை இரைந்துகொண்டிருந்தது.

“சோலைதான் பேசுதேன். ஆனை ஆப்பா? நானே கூப்புடணும்னு இருந்தேன். கெட்டுப்போச்சா என்ன? ரெண்டு நாளா ஒண்ணும் வரல.”

எல்லாவற்றையும் சொன்னாள். ஆலைச் சத்தம் மெல்லத் தேய்ந்தது. ஒதுக்குப்புறமாக நடந்து போகிறான் போலிருந்தது.

“சரிங்க. ஆறு மணிக்கு நானே அம்மாவக் கூப்புடுதேன்.”

“என்ன சொல்லிக் கூப்புடுவீங்க?”

“ஆனை வந்துச்சான்னு கேப்பேன்.”

இந்து சிரித்துவிட்டாள். அப்புறம்தான் சொல்ல வந்தது நினைவுக்கு வந்தது.

“இத்தன நாளு உங்க ரெண்டு பேரையும் வீணா பயப்படுத்திட்டனுங்க. அதுக்குத்தான் மன்னிப்பு கேக்கலாமுன்னு.”

“பயமா?” என்றான் சோலை. “லயத்துக்குள்ள பேச்சு கேக்காதுங்க. ஆனை நிக்குதுன்னு மெசேஜு வந்த மொத நாள்லேருந்து, அம்மா முத்தத்துல வந்து நின்னுதான் எங்கிட்ட கதவச் சாத்திட்டேன்னு சொல்லும். நானும் நம்புன மாதிரியே சரிம்பேன்.”