கடுகளவு சூரியன்

ஒரு பெண் கணினித் திரையில் உருவாக்கிக்கொண்டிருந்த மலையடிவாரத்தில் ஒரு வாகைமரமும் அதன் நிழலும் இருந்தன. மேலே சூரியன், கடுகளவில் ஒரே புள்ளியாக நின்றது.

நிழலின் ஓரம் கத்தரியால் வெட்டிய மாதிரி இருந்தது. "கறுப்புக் காகிதத்தை ஒட்டி வெச்ச மாதிரி கிடக்கிறே. உன்னால அந்தப் பொண்ணு என்னையும் சேர்த்து அழிச்சிடப் போறா," என்று மரம் புலம்பியது. "கொஞ்சம் மென்மையா விழக் கத்துக்கோ," என்று சூரியனும் அதட்டியது.

நிழலுக்கு மனசு கேட்கவில்லை. தன் ஓரத்தையெல்லாம் தானே தேய்த்துத் தேய்த்துக் கலைத்துக்கொண்டது. வேரடியும் சேர்ந்து கலைந்துபோனதில், மரம் தரையில் நிற்காமல் மிதப்பதுபோல் ஆகிவிட்டது. "ஐயோ, என்னைக் கைவிட்டுட்டியே," என்று மரம் அலற, நிழல் பயந்துபோய்ப் பழையபடியே கிடந்தது.

பிறகு தயங்கித் தயங்கிச் சூரியனிடம் சொன்னது: "ஐயா, நீங்க ஒரே புள்ளியா நிக்கிறீங்க. கொஞ்சம் அகலமானா நானும் மென்மையா விழுவேன்."

"உன் குறைக்கு நான் காரணமா?" சூரியனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இதோ விரியறேன். அப்பவும் நீ இப்படித்தான் கிடப்பே, பாரு."

தட்டளவுக்கு விரிந்தது.

வேரடியில் நிழல் அழுத்தமாகவே இருந்தது. தள்ளிப் போகப் போக இளகி, உச்சிக் கிளைகளுக்கான நுனியில் புல்லோடு புல்லாகக் கரைந்தது.

"பார்த்தீங்களா, நீங்க ஒரு சத்தம் போட்டதும் திருந்திடுச்சு," என்றது மரம்.

"சொல்ற விதத்துல சொன்னா கேட்கும்," என்றது சூரியன், விரிந்தபடியே.

நிழல் மரத்தின் காலை விடாமல் பிடித்துக்கொண்டு படுத்திருந்தது.